வாட்டர்லாந்தில் மின்மிதிவண்டிச் சுற்றுலா

ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்தின் பின்புறத்திலிருந்து கட்டணமின்றி மறுகரைக்குச் செல்லும் படகில் வண்டிகளோடு ஏறினோம். நகருக்கு வடக்கே உள்ள தாழ்நிலப் பகுதியான வாட்டர்லாந்தில் டூர்கர்டாம், ரான்ஸ்டார்ப், புரூக் இன் வாட்டர்லாந்த் ஆகிய ஊர்களைச் சுற்றி அரை நாளில் திரும்பும் பயணம் அது. வழிகாட்டியையும் சேர்த்து எட்டுப் பேர்.

மேடு பள்ளமே இல்லாத நெதர்லாந்தில் மிதிவண்டிக்கு மோட்டார் எதற்கு என்று புறப்படும்போது எண்ணினேன். டூர்கர்டாமில், ஏரிநீரைத் தடுக்கும் உயர்ந்த கரைமேல் ஏறியதும் விடை கிடைத்தது. குன்றோ தோப்போ மறிக்காத அந்த வெளியில் வீசும் எதிர்க்காற்று, மலையேற்றத்துக்கு ஈடான உழைப்பைக் கேட்கிறது. மிதித்தால் மட்டுமே துணைக்கு வந்து, மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் விலகிக்கொள்ளும் அந்த மோட்டார் இல்லாமல், அறுபது வயதைக் கடந்த நான் பாதி வழியிலேயே திரும்பியிருப்பேன்.

பயணத்தின் சிறந்த பகுதி அந்தக் கரையில் கழிந்த கால்மணி நேரம்தான். ஒருபுறம் ஏரி, மறுபுறம், ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் மேய்ச்சல் நிலமும் மாடுகளும். ஏரியாகத் தெரியும் இந்த நீர்ப்பரப்பு முன்பு சூடர்சே என்னும் கடலாக இருந்ததையும், 1916-இல் கரைகள் உடைந்து வாட்டர்லாந்து வெள்ளத்தில் மூழ்கியதையும், 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட அஃப்ஸ்லாய்ட்டைக் அணை அந்தக் கடலை வெளிக்கடலிலிருந்து பிரித்ததையும் வழிகாட்டி அங்கே நிறுத்திச் சொன்னார். மக்கிய தாவரங்களாலான இந்தக் கரிச்சேற்று மண், நீரை வடித்ததால் ஆண்டுதோறும் அமுங்கிக்கொண்டே போவதால் மேலும் மேலும் நீரை இறைக்க வேண்டியிருக்கிறது என்று அவர் விளக்கியபோது, கால்வாய்களை வெறும் அழகாகப் பார்த்துவந்த என் பார்வை மாறியது.

ரான்ஸ்டார்ப்பின் உச்சியில்லாத மொட்டைக் கோபுரம் வெகுதூரத்திலிருந்தே தெரிந்தது. சாம்பல் நிறம் பூசிய மரவீடுகள் கொண்ட புரூக்கில் பத்து நிமிடமே தந்தார்கள், அது போதவில்லை. இருக்கையின் உயரத்தை ஒவ்வொருவருக்கும் சரிசெய்யாமலே புறப்பட்டதும் பெரிய குறை. கனமான அந்த வண்டியை நிறுத்தும்போது, கால் தரையில் ஊன்றாத ஒரு பெண் இருமுறை தடுமாறினார். முன்பதிவு செய்வோர் தம் உயரத்தை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, புறப்படுமுன் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நம்மைப்போல் சாலையின் இடப்பக்கம் பழகியவர்களுக்கு இந்த ஒத்திகை மிகவும் அவசியம். காற்றைத் தடுக்கும் மேலங்கியும் கையுறையும் கோடையிலும் வேண்டும்.