கலங்கல் தண்ணீரும் கிளைபோசேட்டும்: ஆறு ஆண்டு அனுபவம்

கோரைக் களையை ஒழிக்கக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. ஆறு ஆண்டுகளாகத் தெளித்து வருகிறேன். நல்லதும் சொல்ல வேண்டும், கோபமும் இருக்கிறது.

கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன். முதல் ஆண்டு அடித்தபோது பதினைந்தே நாளில் வரப்பு முழுவதும் வைக்கோல் நிறமாகிவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதே மருந்து, அதே அளவு, அதே தெளிப்பான். ஆனால் களை லேசாக மஞ்சள் பூத்து, மூன்றாம் வாரம் மறுபடி பச்சை பிடித்து நிமிர்ந்துகொண்டது. மருந்து போலி என்றே முடிவு கட்டினேன். விற்றவரிடம் சண்டைக்கும் போனேன். குற்றம் தண்ணீரில் இருந்தது. முதல் ஆண்டு கலக்கியது பிடித்து வைத்த மழைநீரில். பிறகு கலக்கியதெல்லாம் குட்டையில் மொண்ட கலங்கல் தண்ணீரில்.

களிமண் துகளைக் கண்டால் கிளைபோசேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மருந்து களைக்கு உதவாது. கடின நீரிலும் இதே கதைதான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நான் வாங்கிய புட்டியில் இதைப் பற்றி இருந்தது ‘சுத்தமான தண்ணீர்’ என்ற இரண்டே சொற்கள், அதுவும் எறும்பு அளவு எழுத்தில். ஏன் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகியிருக்காது. இன்றுவரை எனக்கு இது ஆறவில்லை. இப்போதெல்லாம் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே கலக்குகிறேன். கடின நீரைத் தவிர வேறு வழியில்லாதபோது முதலில் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்து, அதன் பிறகு மருந்தை ஊற்றுகிறேன்.

அந்த ஒட்டும் குணத்தால் ஒரு நன்மையும் உண்டு. மண்ணில் விழுந்த மருந்து பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடுவதால், பிறகு விதைக்கும் பயிர் தடையின்றி முளைக்கிறது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் களை விதையையும் அது ஒன்றும் செய்யாது. பச்சை இலை வழியாகத்தான் அதன் வேலை.

இலைக்குள் போன மருந்து, இலை சமைத்த சர்க்கரையோடு சேர்ந்து வேருக்கும் கிழங்குக்கும் இறங்குகிறது. ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோபன் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க உதவும் ஒரு நொதியை அது முடக்குகிறது. இவை இல்லாமல் புரதம் இல்லை, புரதம் இல்லாமல் புதுத் தளிர் இல்லை. செடி பட்டினியால்தான் சாகிறது. அதனால் முதல் வாரம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாளே பொறுக்காமல் மறுபடி அடிப்பதும், களையை வெட்டிவிடுவதும் வீண் வேலை. வெட்டினால் மருந்து கீழே இறங்கும் வழியே போய்விடும். வாடிய களையிலும் புழுதி படிந்த இலையிலும் அடித்துப் பயனில்லை.

சென்ற மாதம் செத்த கோரை ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். செடியின் அடிக்கிழங்கு பழுப்பேறி, நகத்தால் அழுத்தியதும் நசுங்கியது. அதே நூல்வேரில் ஒரு விரற்கடை தள்ளி, முளைக்காமல் உறங்கிய இன்னொரு கிழங்கு கல்லாக இருந்தது. கிள்ளினால் உள்ளே வெள்ளை. ஒரே தெளிப்பில் கோரை ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் மண்வெட்டியால் பத்து ஆண்டுகளில் முடியாததை இந்த மருந்து எனக்குச் செய்து கொடுத்தது. அதை மறைக்க மாட்டேன்.

‘அந்த நொதி மனித உடலில் இல்லை, ஆகவே பயமில்லை’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. புட்டியில் இருப்பது கிளைபோசேட் மட்டுமல்ல. இலையில் படர்ந்து ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள்களில் சில கண்ணை எரிக்கும், மீனைக் கொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை. அவர்கள் வழக்கு தீரும்வரை நான் வெறுங்கையோடு காத்திருக்கப் போவதில்லை. ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் இல்லாமல் மூடியைத் திறப்பதில்லை. அடர் மருந்தை அளந்து ஊற்றும் நேரம்தான் அதிகக் கவனம் வேண்டிய நேரம். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. துத்தநாகம் பூசிய வாளியில் கலக்கினால் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். பிளாஸ்டிக் வாளிதான் சரி. மிச்சத்தைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பவரிடம் எனக்குப் பொறுமையே கிடையாது. குழந்தைக்கு அது தண்ணீர்ப் புட்டிதான்.

இவ்வளவு கவனமாக இருந்தும் போன பருவத்தில் தவறினேன். காற்று இல்லை என்று நினைத்துத்தான் தொடங்கினேன்; பாதியில் எழுந்தது. நிறுத்தியிருக்க வேண்டும், இன்னும் இரண்டு வரிதானே என்று முடித்தேன். பத்தாம் நாள் பக்கத்துப் பாத்தித் தக்காளியின் தளிர்கள் காம்பருகே வெளிறி, ஒடுங்கிச் சுருண்டு வந்தன. இந்த மருந்துக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கோரைக்கு இதைவிட நல்ல மருந்து நான் கண்டதில்லை, என் வரப்புக்கு இனியும் இதையே அடிப்பேன். ஆனால் வாங்கலாமா என்பதற்கு மேல் அவர் கேட்டதெல்லாம் ஒரு டேங்குக்கு எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்பதுதான். தண்ணீரைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கையுறையைப் பற்றியும் கேட்கட்டும், அப்போது நானே உடன் சென்று வாங்கித் தருகிறேன். என் தக்காளிப் பாத்தியில் எட்டிப் பார்க்கும் கோரையை இந்தப் பருவம் கையால்தான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.