இரவு தங்கும் விடுதியா, சொந்தச் சாவியா?

அடிக்குப் பயந்து வெளியேறிய பெண்ணுக்கும், குடும்பம் துரத்திய திருநங்கைக்கும் திருநம்பிக்கும் எது உதவும், வீடற்றோர் இரவு தங்கும் விடுதியா, தனி வாடகை வீடா என்று உதவிக் குழுக்கள் தவிக்கின்றன.

வேகம்: விடுதியில் இன்றிரவே படுக்கலாம். வீட்டுக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும்.

பாதுகாப்பு: எனக்கு இதுதான் முக்கியம். ஆண், பெண் என்று இரண்டே கூடம் உள்ள விடுதியில் திருநர் எங்கே படுப்பார்? பொதுக் குளியலறைக்குப் பயந்தே தெருவுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. பதின்வயது மகனைச் சேர்க்காத விடுதிகளும் இருக்கின்றன. அம்மா உள்ளே, பையன் வெளியே. உள்தாழ்ப்பாள் உள்ள சொந்த அறையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கணவன் தேடி அலைகிறான் என்றால், முகவரி வெளியே தெரியாத காப்பகம்தான் வேண்டும்.

செலவு: விடுதி மலிவாகத் தெரியும், அதே ஆள் திரும்பத் திரும்ப வரும்வரை. வீட்டுக்கு வாடகையோடு ஆதரவுப் பணியாளரும் வேண்டும்.

நிலைப்பு: வீடுதான், சந்தேகமே இல்லை. நிபந்தனை போடாமல் முதலிலேயே வீட்டைக் கொடுத்து, மற்ற உதவிகளைப் பிறகு தரும் ‘முதலில் வீடு’ முறை 1992-இல் நியூயார்க்கில் தொடங்கியது. பின்லாந்து 2008 முதல் விடுதிகளையே வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது. அங்கே வீடற்றோர் வெகுவாகக் குறைந்தார்கள்.

சரி, உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் காப்பகம், அப்புறம் வீடு. நீண்ட நாள் தெருவில் இருப்பவருக்கும் திருநருக்கும் நேரே வீட்டுச் சாவியைக் கொடுங்கள்.