கொண்டல் காற்றுக்கு வாங்கிய ரப்பர் உடுப்பு

டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் குடியிருக்கிற நம் பிள்ளைகள் ஒன்டாரியோ ஏரியில் சர்ஃபிங், அதாவது பலகையில் ஏறி அலைமேல் சறுக்குவது, பழக ஆசைப்பட்டால் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன உடுப்பு வாங்குறது?" என்றுதான். இரண்டு குளிர்காலம் போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது தை மாதம், விடுப்பில் பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கிறேன். அந்த உடுப்பும் கூடவே வந்திருக்கிறது, பூவரசு நிழலில் கொடியில் தொங்குகிறது. ஆற அமர எழுத இதுதான் நேரம்.

நான் வாங்கியது மூன்று சாமான். தலைமூடியோடு சேர்ந்த 5/4 வெட்சூட் என்கிற, குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு, அதாவது நெஞ்சு, முதுகுப் பக்கம் 5 மில்லிமீட்டர் கனம், கை கால் பக்கம் 4. அப்புறம் 5 மில்லிமீட்டர் கையுறை, அதே கனத்தில் காலணி. உடுப்பு பழையது, ஒரு தோழியிடம் 160 டாலருக்கு எடுத்தேன். மற்ற இரண்டும் புதுசு.

ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிடாதீர்கள். ஒன்டாரியோ ஏரி கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது. அகலம் 85 கிலோமீட்டர்தான். டொராண்டோ அதன் மேற்குக் கோடிப் பக்கம் இருப்பதால், கீழ்க்காற்று அந்த நீளம் முழுக்கத் தண்ணீரை உருட்டிக்கொண்டு வந்து ஸ்கார்பரோ பிளஃப்ஸ் என்கிற செங்குத்து மேட்டின் அடியில் அலையாகக் கொட்டும். முதல் வருஷம் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். "எந்தக் காத்தும்மா?" என்று மட்டும் கேட்டார். கிழக்கிலிருந்து என்றேன். "அப்பக் கொண்டல்" என்றார். அதற்குப் பிறகு அந்த ஏரி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஆனால் அங்கே அலை நன்றாக வருவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். டிசம்பரில் தண்ணீர் நாலைந்து டிகிரிதான் இருக்கும். அலை காற்றில் அங்கேயே பிறப்பது, அதனால் ஐந்தாறு நொடிக்கு ஒன்று என்று மூச்சு விடாமல் வரும். உப்பில்லாத தண்ணீர் கடல்நீர் அளவுக்குத் தூக்கிவிடாது, நூற்றுக்கு இரண்டரைப் பங்கு லேசு. கடலில் ஓட்டுவதைவிடக் தடிமனான, அகலமான பலகை வேண்டும். சிறு வயதிலிருந்து மன்னார் வளைகுடாவில் மிதந்து பழகிய எனக்கு, முதல் நாள் யாரோ காலைப் பிடித்துக் கீழே இழுப்பது போல இருந்தது.

உடுப்பில் கவனிக்க வேண்டியது உடம்போடு ஒட்டுகிறதா என்பதுதான். விலை, நிறமெல்லாம் அப்புறம். அந்த ரப்பருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் இருக்கின்றன, குளிரை அவைதான் தடுக்கின்றன. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் இடுப்புக்குப் பின்னாலும் அக்குளிலும் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு அலைக்கும் பழைய தண்ணீர் போய்ப் புதுக் குளிர்த் தண்ணீர் வரும். இதற்கு முன் நான் ஒரு கடையில் ஓர் அளவு பெரியதாக வாங்கி ஏமாந்தேன். லூசாக இருந்தால்தான் வசதி என்று கடைக்காரர் சொன்னார், நம்பினேன். பத்து நிமிடத்தில் தாடை நடுங்கிக் கரையேறினேன், திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். போடும்போது கஷ்டப்பட்டு இழுத்துப் போட வேண்டும், அதுதான் சரியான அளவு. உள்பக்கம் திருப்பித் தையலையும் பாருங்கள். பசை போட்டு, மேலே பட்டை ஒட்டியிருக்க வேண்டும். வெறும் தையல் மட்டும் என்றால் வெயில் காலத்துக்குத்தான் ஆகும்.

இந்த உடுப்பில் முக்கால் மணி நேரம் நிம்மதியாக நின்றிருக்கிறேன். இமையில் ஐஸ் பிடிக்கும், ஆனாலும் நெஞ்சு சூடாகவே இருக்கும்.

ஊருக்குக் கொண்டுவந்தது அம்மாவுக்குக் காட்டத்தான். அம்மா முப்பது வருஷமாகக் கடற்பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாம் மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பறிப்பது. விரலுக்கு ஒவ்வொன்றாகத் துணி சுற்றிக்கொள்வார். காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொள்வார், நீந்த அதுதான் துடுப்பு. உடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உடும்புத் தோலு மாதிரியில்லடி இருக்கு" என்றார். இந்தக் கடலில் அதைப் போட முடியாது, புழுங்கிச் செத்துவிடுவோம். மேலே மிதக்கவும் வைக்கும், முங்கவே விடாது. கையுறையையும் காலணியையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது வாடை அடிப்பதால் பாக் விரிகுடாப் பக்கம், நாங்கள் பெண் கடல் என்கிற பக்கம்தான் கொந்தளிக்கிறது. ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா அமைதி. மறுநாள் காலை அந்தப் பக்கம் இறங்கினோம். மார்பளவுத் தண்ணீர். அம்மா இரண்டு தடவை முங்கினார், மூன்றாவதாக எழுந்ததும் கையுறையைக் கழற்றி என் மேல் போட்டார். "பாசி எது, கல்லு எதுன்னு விரலுக்குத் தெரியலையே." உண்மைதான். ஏரியில் பலகையைப் பிடித்துக் கிடந்தால் போதும், இங்கே விரல்தான் கண். கூர்மையாகப் பறிக்கிற வேலைக்கு 5 மில்லிமீட்டர் கையுறையை வாங்கவே வாங்காதீர்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டரில் கிடைத்தால் பார்க்கலாம்.

காலணியை மட்டும் கழற்றவில்லை. தட்டை அதன் மேலேயே வைத்துக் கயிறு கட்டினார், வழுக்கவில்லை. மதியம் கரைக்கு வந்து கழற்றியபோது உள்ளங்காலில் ஒரு கீறல்கூட இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து குதிகாலில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் காலை நான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம், ஏரியில் போட்டால் நான் சும்மா உலர்த்துவதோடு சரி. கடலில் போட்டால் நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறி ரப்பர் விறைத்துவிடும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் காசு கொடுத்து வாங்குவது, காலணிக்கு மட்டும் அரைக் குடம் ஆகிறது. வெயிலில் காயப்போடாதீர்கள்.

உடுப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. கையுறைக்கு ஏரியில் நாலு, பாசிக்கு ஒன்று. காலணிக்கு இரண்டு இடத்திலும் ஐந்து. அது இனி அம்மாவுடையது. நான் திரும்பிப் போய் எனக்கு ஒரு ஜோடி வாங்க வேண்டும், சித்திக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் ஆளுக்கு ஒன்று. இருவர் பாதத்தையும் பழைய காலண்டர் தாளில் வைத்துக் கோடு போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.