பனை வைரப் பிடியும் ஷெஃபீல்ட் முத்திரையும்: பழைய சவரக்கத்தியின் வயதை எதைக் கொண்டு அறிவது?

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அம்மப்பாவின் மடக்குச் சவரக்கத்தி ஒன்று இருக்கிறது. கருங்கோடுகள் ஓடும் பனை வைரத்தால் ஆனது அதன் பிடி. அதனாலேயே அது யாழ்ப்பாணத்துக் கொல்லன் பட்டறை ஒன்றில் அடித்த கத்தி என்று மாமாமார் இன்றும் உறுதியாகச் சொல்வார்கள். இத்தகைய கத்தியின் பிறப்பை அறிய நமக்குப் பிடி, அலகின் உருவம், அலகுக்கும் பிடிக்கும் இடைப்பட்ட கழுத்தில் பொறித்த முத்திரை, வீட்டார் சொல்லும் கதை என நான்கு சாட்சிகள் உண்டு. நான்கும் ஒன்றையே சொல்வது அரிது.

முதலில் கண்ணில் படுவது பிடிதான். அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. அதன் இரு தகடுகளையும் மெல்லிய ஆணிகள் மட்டுமே பிணைத்திருப்பதால், உடைந்த பிடியைக் கழற்றி வேறொன்று பூட்டுவது எளிது. செலுலாயிட் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் விற்பனைக்கு வந்தது என்பதால், செலுலாயிட் பிடி அதற்குப் பிந்தியது என்று துணிந்து சொல்லலாம்; ஆனால் அந்த முடிவு பிடிக்கு மட்டுமே பொருந்தும், அலகுக்குப் பொருந்தாது. எங்கள் கத்தியில் சிறு வட்டத் தட்டின் மேல் மடக்கிய தொழிற்சாலை ஆணிகள் இல்லை. பித்தளைக் கம்பியை வெட்டி நேரே தட்டி மடக்கியிருக்கிறார்கள். பனை வைரம் நம் ஊரதுதான். ஆனால் அது பிற்காலத்தில் ஏறிய சட்டை.

அலகின் உருவம் இதைவிட நேர்மையான சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திகளில் வால், அதாவது பிடியின் ஆணிக்கு அப்பால் நீளும் முனை, மிகக் குட்டையாகவோ இல்லாமலோ இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நீண்டு வளைந்தது. பழைய அலகுகள் ஆப்புப் போலத் தடித்தவை. இருபுறமும் ஆழமாகக் குடைந்து மெல்லிதாக்கும் முறை அந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் பரவியது. என்றாலும் தடித்த அலகுகள் அதற்குப் பின்னரும் செய்யப்பட்டன. பல்லாண்டு சாணை பிடித்த அலகோ தன் அகலத்தையே இழந்திருக்கும். ஆகவே உருவத்திலிருந்து காலத்தின் எல்லையைத்தான் பெறலாம், ஆண்டைப் பெற முடியாது.

நான் அதிகம் நம்புவது முத்திரையையே. எங்கள் கத்தியின் கழுத்தில் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும், ஜோசப் ரொட்ஜர்ஸ் அன்ட் சன்ஸ் என்ற பெயரும், மாட்சிமை தங்கிய மகாராணியாருக்குக் கத்தி செய்வோர் என்று பொருள்படும் ஆங்கில வரியும் உள்ளன. பெயர் ஊரைக் காட்டுகிறது: இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். அந்தப் பெயர் மிக நீண்ட காலம் வழங்கியதால், அதை மட்டும் வைத்து வயது சொல்ல இயலாது. காலத்தைத் திறந்து காட்டுவது ‘மகாராணியார்’ என்ற சொல்தான், ஏனெனில் விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கவரிச் சட்டம், அந்நாட்டுக்குள் வரும் பொருள்களில் அவை பிறந்த நாட்டின் பெயரை 1891 முதல் பொறிக்கச் சொன்னது. அதன் பின்னரே ஷெஃபீல்ட் கத்திகளில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் பரவலாகியது. எங்கள் கத்தியில் அச்சொல் இல்லை. இலங்கைக்கு வந்த சரக்கை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதால் இதனை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், 1891க்கு முந்தியதாக இருக்கக்கூடும் என்ற அளவிலேயே நிறுத்துகிறேன். ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி என்றால், பொருள் பிறந்த நாட்டைப் பற்றிய பொய்க் குறிகளைத் தடுத்த பிரித்தானியாவின் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தை நினைவிற்கொண்டு நாட்டின் பெயரைத் தேட வேண்டும்.

வீட்டுக் கதையை நான் ஒதுக்கவில்லை. அது கத்தி எங்கே பிறந்தது என்பதைவிட, யார் யார் கைக்குப் போனது என்பதையே நன்றாக அறியும். மாமாமாருக்கு மாறாக அம்மா, அது அம்மப்பாவின் தகப்பன் பாவித்த கத்தி என்பார். முத்திரை சொல்லும் காலத்தோடு அம்மாவின் சொல் பொருந்துகிறது.

முத்திரையை வாசிக்கும் முன் அதைத் தேய்க்கக் கூடாது. உறவினர் ஒருவர் தம் கத்தியைப் பளபளப்பாக்கக் கொடுத்தபோது, துருவோடு எழுத்துகளும் போய்விட்டன. அந்தக் கத்தியின் ஊரை இனி அறிய வழியில்லை. ஒரு துளி எண்ணெயைத் தடவி ஒருநாள் விட்டு, மென்துணியால் ஒற்றி, காலை வெயில் சாய்வாக விழும்படி சாளரத்தருகே கத்தியைத் திருப்பிப் பிடித்தால் போதும். எங்கள் கத்தியில் ‘மகாராணியார்’ என்ற சொல்லின் கடைசி எழுத்துகள் அப்படித்தான் எனக்குத் தென்பட்டன.