கருப்பட்டியை ஏற்றிச் சென்று 1,86,000 ரூபாயைத் தராத இணைய அங்காடி: சிறு உற்பத்தியாளர்களுக்கு எச்சரிக்கை

உடன்குடிப் பக்கத்தில் பனைத்தொழிலை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. பாரம்பரிய உணவுப் பொருள்களை உற்பத்தியாளர்களிடம் நேரடியாக வாங்கி நகரங்களில் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இணைய அங்காடி, எங்களிடம் 600 கிலோ கருப்பட்டியைக் கிலோ 310 ரூபாய் என்று பேசி, ஆடிக் கடைசியில் லாரியில் ஏற்றிச் சென்றது. மொத்தம் 1,86,000 ரூபாய். தீபாவளி முடிந்து கார்த்திகையும் பிறந்துவிட்டது. அதில் ஒரு ரூபாய்கூட எங்கள் கைக்கு வரவில்லை. நேற்று மாலை, ‘உங்கள் விற்பனையாளர் கணக்கு முடிக்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

அந்தப் பணம் எதன் விலை என்பதைச் சொல்லியாக வேண்டும். மாசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரையில் என் தந்தை காலையும் மாலையும் பனையேறுகிறார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதனீரை அன்றன்றே காய்ச்சியாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். எட்டுப் பத்து லிட்டர் பதனீரை, விடிலி எனப்படும் காய்ச்சும் குடிசையின் புகைக்குள் நின்று கிண்டிக் கிண்டிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். அந்த 600 கிலோவில் பாதிதான் எங்கள் விடிலியில் காய்ச்சியது. மீதியைப் பக்கத்து பனையேறிக் குடும்பங்கள் இரண்டிடம், பணம் வந்ததும் தருவதாகச் சொல்லி வாங்கிச் சேர்த்தோம். அவர்கள் இன்றும் எங்கள் வாசலுக்கு வந்து கேட்காமல் இருப்பது அவர்களுடைய பெருந்தன்மை.

நம்பும்படியாகத்தான் வந்தார்கள். பங்குனியில் இரண்டு இளைஞர்கள் விடிலிக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, பனையோலைப் பட்டையில் பதனீர் வாங்கிக் குடித்தார்கள். அம்மா தாழியைக் கிண்டுவதையும், பாகு இறுகும் பதத்தை அறிய ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பதையும் படம் எடுத்தார்கள். “இனிமே நீங்க யார்கிட்டயும் விலை கேட்டு நிக்க வேண்டாம்மா” என்று அவர்களில் ஒருவர் சொன்னபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் 50 கிலோ வாங்கி, இரண்டே நாளில் முழுப் பணத்தையும் வங்கியில் போட்டார்கள். மழைக்காலம் வரை இருப்பு வைத்தால் கூடுதல் விலை கிடைக்கும் சரக்கை, பருவம் முடிந்த கையோடு அவர்களுக்கே மொத்தமாகக் கொடுக்க அந்த 50 கிலோதான் காரணம். கையடக்கக் கணினியில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்; ஒப்பந்தத்தின் நகலை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவேயில்லை.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் கணக்குப் பிரிவில் ஆள் மாறியிருக்கிறது என்றார்கள். அடுத்து, புகாருக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொன்னால்தான் பேசுவோம் என்றார்கள். சொன்னால், அந்தப் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகக் கணினி காட்டுகிறது என்றார்கள். புரட்டாசியில், கருப்பட்டி ஈரம் கசிந்துவிட்டதாக வாடிக்கையாளர்கள் குறை சொல்வதால் தொகையில் பாதியைக் கழிப்போம் என்றார்கள். காற்றுப்படாமல் வைக்காவிட்டால் கருப்பட்டி ஈரம் இழுக்கும் என்பது இந்தத் தொழிலில் குழந்தைக்கும் தெரியும். ஏற்றும்போதே அதை எழுதியும் கொடுத்திருந்தோம். போகட்டும், அந்தப் பாதியையாவது அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, கிடங்கு வாடகையாக நாங்கள்தான் அவர்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது என்று பதில் வந்தது. 1,86,000 ரூபாய்க்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு, நாங்கள் வாடகை கட்ட வேண்டுமாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சென்னையில் இருக்கும் என் அத்தை மகன் அவர்களுடைய செயலியிலேயே ஒரு கிலோ வாங்கி எங்களுக்கு அனுப்பினான். விலை 640 ரூபாய். பொட்டலத்தின் மேல் என் தாயின் படமும், உடன்குடி என்ற பெயரும் இருந்தன. உள்ளே இருந்தது எங்கள் கருப்பட்டி அல்ல. உடைத்துப் பார்த்தால் சர்க்கரைப் பரல்கள் மின்னின. வாயில் போட்டால் வெறும் இனிப்பு, பதனீரின் மணமே இல்லை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இனிக் கலப்படக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைத் தொடமாட்டார்கள் என்று மகிழ்ந்தோம். இப்போது ஊர்ப் பெயரோடு என் தாயின் முகத்தையும் சேர்த்து விற்கிறார்கள். பணத்தை மறந்தாலும் இதை நான் மறக்கப் போவதில்லை.

கருப்பட்டி, செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி என எதை விற்பவராக இருந்தாலும் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். சிறிய கொள்முதலுக்கு உடனே பணம் வந்ததை வைத்துப் பெரிய சரக்கைக் கடனுக்கு ஏற்றாதீர்கள். ஒப்பந்த நகல் கைக்கு வராமல் லாரியை நகரவிடாதீர்கள். சரக்கைக் கொடுப்பதற்கு முன்பே, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, செய்துதருவதாகக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, அப்படிப் பதிவுசெய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் சேர வேண்டும். எங்களிடம் அந்தப் பதிவு இருப்பதால் பணம் தராதவர்கள் மீது புகார் செய்வதற்கான அரசின் ‘சமாதான்’ இணையதளத்தில் 1,86,000 ரூபாய்க்கும் வட்டிக்கும் மனு போட்டிருக்கிறேன். மற்றவற்றை விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை.

ஒன்று மட்டும் அவசரம். அதே ஆட்கள் இப்போது வேம்பார், சாயல்குடிப் பக்கம் போய், வரும் பருவத்துச் சரக்குக்கு முன்கூட்டியே பேசி வருவதாகக் கேள்விப்படுகிறேன். யாராவது வந்து உங்கள் வீட்டுப் பெண்களைப் படம் எடுக்கக் கேட்டால் அனுமதிக்காதீர்கள். முழுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே சரக்கை ஏற்றுங்கள்.