வாய் மூடாத நோட்டு: ஜங்க் ஜர்னல் பண்றவங்களுக்கு மட்டும் புரியிற புலம்பல்

ஜங்க் ஜர்னல், அதாவது வீட்ல கிடக்கிற பழைய பத்திரிகை, பில், டிக்கெட்டை எல்லாம் ஒட்டி வைக்க நாமளே தைக்கிற நோட்டு, அதுக்கான கிட் ஒண்ணு பாதி விலைக்கு போட்டிருக்கான், வாங்கட்டுமான்னு ஃப்ரெண்ட் ஒருத்தி கேட்டா. அவளுக்கு பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு, சரி எல்லாருக்குமே இருக்கட்டும்னு இங்க போடறேன்.

முதல்ல அந்த கிட். ரோஜாப்பூ, ஈஃபில் டவர், எந்த ஊர் பாட்டியோ எழுதின மாதிரி கூட்டெழுத்து லெட்டர், போதாததுக்கு டீ கறையைக் கூட பிரிண்ட்லயே போட்டுக் குடுக்கறான். குப்பையை காசு குடுத்து வாங்கறதுக்கு எதுக்குங்க ஜங்க்னு பேரு? வீட்ல பீரோ மேல கல்யாணப் பத்திரிகை கட்டு ஒண்ணு கண்டிப்பா கிடக்கும், அதை இறக்குங்க போதும்.

ஆனா கட்டை இறக்கறதுக்கு முன்னாடி என் வயித்தெரிச்சலையும் கேட்டுக்கங்க. நோட்டு உப்புது. நடுப்பக்கம் வர்றதுக்குள்ளயே அட்டை மூட மாட்டேங்குது, வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. காரணம் சிம்பிள்தான், நாம ஒட்டறதெல்லாம் பக்கத்து மேல ஏறுது, தையல் இருக்கிற முதுகுப் பக்கம் மட்டும் தைச்சப்போ இருந்த அதே கனத்துலயே நிக்குது, அப்போ வெளி ஓரம்தானே விரியும். வீடியோ போடறவங்க எல்லாம் இதைத்தான் அழகுன்னு தடவித் தடவி காட்டறாங்க. எனக்கு ஷெல்ஃப்ல நிக்கணும்ங்க, அவ்ளோதான்.

வைத்தியம் இருக்கு. பழைய ஆல்பத்தைப் பிரிச்சுப் பாருங்க, முதுகு ஓரத்துல பக்கத்துக்குப் பக்கம் விரல் அகலத்துல ஒரு துண்டு பேப்பர் வச்சு தைச்சிருப்பாங்க, போட்டோ ஏறப்போற கனத்துக்கு முன்கூட்டியே குடுத்த இடம் அது. அதே மாதிரி இந்த வாரம் என் பெரிய நோட்டை மொத்தமா பிரிச்சு, பாரம் பாரமா (ஒண்ணா மடிச்சு தைச்ச தாள் கட்டு ஒவ்வொண்ணா) எடுத்து, மடிப்புக்குள்ள துண்டு வச்சு, அஞ்சு ஓட்டை போட்டு மெழுகு தேய்ச்ச நூல்ல மறுபடி தைச்சேன். விரல் நுனி எல்லாம் ஊசி ஓட்டை. நல்லாத்தான் மூடுது இப்போ, நானே ஒத்துக்கறேன், ஆனா அடுத்த பத்திரிகை ஒட்டினதும் திரும்ப திறந்துக்கும்னு தெரியும். கனமான கார்டா இருந்தா அச்சடிச்ச மேல் தாளை மட்டும் மெதுவா உரிச்சு ஒட்டுங்க, பாதி கனம் குறையும்.

பசை பத்தி ஒரே வரி: வெள்ளைப் பசை தண்ணி, பேப்பரை நெளிய வைக்கும், மெலிசா தடவி மேல வெயிட் வைக்கணும், மைதா பசை பிரமாதமா ஒட்டும் ஆனா பூச்சிக்கு விருந்து, பழைய பைண்டிங்காரங்க அதுக்குத்தான் மயில் துத்தம் கலப்பாங்க, விஷம் அது, குழந்தை இருக்கிற வீட்ல நான் கலக்க மாட்டேன்.

இவ்ளோ திட்டிட்டு ஏன் விடலன்னா, தேதி கிழிக்கிற காலண்டர் தாள். ராகு காலம், எமகண்டம், சூலம், கீழ வரிசையா ராசி, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு வார்த்தை பலன். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் போன அன்னிக்கு என் ராசிக்கு 'வரவு'ன்னு போட்டிருந்தான். அந்தத் தாளை ஒட்டி பக்கத்துலயே ரிப்பேர் பில்லையும் ஒட்டினேன், எப்போ திறந்தாலும் சிரிப்பு வருது. இதை எந்த கிட்ல குடுப்பான் சொல்லுங்க.

பில்லுன்னதும் ஞாபகம் வருது. இப்போ வர்ற பஸ் டிக்கெட், கடை பில் பாதிக்கு மேல தெர்மல் பேப்பர், மையே கிடையாது, தாள் மேல பூசின ரசாயனம் சூட்டுல கறுக்கறதுதான் எழுத்து. அதான் கொஞ்ச நாள்ல வெளுத்துப் போய் வெறும் தாள் நிக்குது, லேமினேட் பண்ணலாம்னு சூடு காட்டினா மொத்தமா கறுப்பாயிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க, வேற வழியில்ல. அந்த ஃப்ரிட்ஜ் பில் கார்பன் வச்சு கையால எழுதினது, அதனால தப்பிச்சுது. ஆச்சரியம் என்னன்னா பத்திரிகை மூலையில தடவின மஞ்சள் அப்படியே இருக்கு. மஞ்சளுக்கு வெளிச்சம்தான் எதிரி, மூடின நோட்டுக்குள்ள பத்திரமா இருந்துடுது. மெஷின் அடிச்சது போச்சு, சித்தி விரலால தடவினது இருக்கு. இதுக்காகவாவது அட்டை ஒழுங்கா மூடணும்னு கத்தறேன், புரியுதா?

சரி, தீர்ப்பு. ஆரம்பிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன், ஒரு தடவை ஆரம்பிச்சா வீட்ல எவனும் சோப்பு அட்டையைக் கூட தூக்கிப் போட முடியாது, நீங்க விட மாட்டீங்க. மீறி ஆரம்பிச்சா கிட் வேணாம், மெழுகு நூல், நல்ல குத்தூசி, இது ரெண்டை மட்டும் தனியா வாங்குங்க. அப்புறம் யார் வீட்லயாச்சும் 15 பைசா போஸ்ட் கார்டு எழுதினது சும்மா கிடந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, கூரியர் செலவு நானே குடுத்துடறேன்.