நாலு மாதப் பணம் கட்டி ஏமாந்தோம்: முதியவர்களை ரீஹேப் இல்லத்தில் சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாலு மாதப் பணம். மூன்று மாதக் கட்டணம் அட்வான்ஸ், ஒரு மாதக் கட்டணம் டெபாசிட். அம்மா அங்கே இருந்தது 26 நாள். வீட்டுக்குத் திரும்பியபோது வலது குதிகாலில் கறுத்து இறுகிய ஒரு படுக்கைப்புண்ணோடு வந்தார். பணத்தில் எதுவும் திரும்பி வரவில்லை. வராது என்று நேற்று மாலை வாட்ஸ்அப்பில் சொல்லியும்விட்டார்கள். அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

பெயர் எழுதவில்லை. ஆபரேஷன் முடிந்த முதியவர்களைத் தங்க வைத்து, நர்சிங்கும் பிசியோதெரபியும் கொடுத்து, நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லும் இல்லம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடத்தை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்பு மூட்டில் எலும்பு முறிவு, ஆபரேஷன். மறுநாளே மருத்துவமனையில் எழுப்பி நிற்க வைத்தார்கள். ஒருவர் கைகொடுத்தால் கட்டிலிலிருந்து எழுந்து வாக்கரோடு ஆறு அடி வைப்பார். அந்த நிலையில்தான் அங்கே சேர்த்தது. படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் இப்படி ஓர் இடத்தைத் தேடினோம். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கால் தசையில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைந்திருந்தது. எலும்பு முறிந்தவருக்கு இன்னும் வேகமாகப் போகும்.

நம்பிய நிமிடம் எது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். அங்கிருந்த பிசியோ அம்மாவை வாக்கரோடு நிறுத்தினார். கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறது என்று பார்த்தார். வாக்கர் இரண்டு துளை உயரமாக இருந்தது. நாலு காலிலும் பொத்தானை அழுத்தி இறக்கினார். "கைப்பிடி மணிக்கட்டு மட்டத்துல இருக்கணும், பிடிச்சா முழங்கை லேசா மடங்கணும், 20, 30 டிகிரி. இல்லன்னா தோள் தூக்கிக்கும், எடை கைக்கு இறங்காது" என்றார். அவ்வளவும் சரி. வேலை தெரிந்தவர்தான் இதைச் செய்வார். தினம் இரண்டு வேளை, வேளைக்கு 45 நிமிடம் பிசியோ என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்போம், ஏர் பெட் உண்டு, வாரா வாரம் எடை பார்ப்போம், அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று அளக்கும் பார்த்தெல் மதிப்பெண் போட்டுக் காட்டுவோம் என்றார். "அம்மாவை எங்ககிட்ட விட்டுட்டு நிம்மதியாப் போங்க சார்" என்று மேனேஜர் சொன்னார். அன்று மாலையே நாலு மாதப் பணமும் கட்டியாகிவிட்டது.

அந்த பிசியோ புதிதாக ஆள் சேர்க்கும் நாட்களில் மட்டும் வருபவர். அதற்குப் பிறகு அவரை அம்மா பார்க்கவே இல்லை.

ஒன்றை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். இல்லத்தில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. அவர்கள் கையிலும் இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் சரியான பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ரெக்கார்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உண்மை தெரிவது உள்ளே படுத்திருப்பவர்களின் உடம்பில்.

ரெக்கார்டைப் பற்றிச் சொல்கிறேன். தையல் பிரிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் 9-ஆம் நாள் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். காலையில் கிளம்பி, திரும்பும்போது இருட்டிவிட்டது. அன்றைய பிசியோ பக்கத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "வாக்கர் நடை 20 மீட்டர், இரண்டு வேளை, ஒத்துழைப்பு நன்று." கீழே கையெழுத்து. அதைப் பார்த்த பிறகுதான் முன்னும் பின்னும் புரட்டினோம். அன்று வரைக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வாக்கியம். நிஜத்தில் நடந்தது, கட்டிலில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லும் பத்து நிமிடம். மற்ற நேரத்தில் கூடத்தில் எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்துக் கையைத் தூக்கச் சொல்வார்கள். அதுவும் பிசியோ கணக்கில் சேரும். கால் தசைக்கு வலு வர நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், நிற்க வேண்டும், நடக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள்தான் அங்கே இல்லை.

பார்த்தெல் மதிப்பெண் 1965-இலிருந்து புழக்கத்தில் இருப்பது. சாப்பிடுவது, குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்பது போன்ற பத்து விஷயங்களுக்கு மதிப்பெண், மொத்தம் 100. சேரும்போது அம்மாவுக்கு 35 போட்டார்கள். மூன்றாவது வாரம் 65 என்று காட்டினார்கள். மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்போம். உள்ளே பிரித்துப் பார்த்தால் படியேறுவதற்கு 5 போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் படியே கிடையாது. ஒரே தளம், வாசலில் சாய்தளம். சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு முழுசாக 10. ஆனால் முதல் நாளிலிருந்தே டயப்பர் கட்டி வைத்திருந்தார்கள்.

டயப்பர் விஷயம் தனிக் கொடுமை. அம்மா சிறுநீர் வந்தால் சொல்லுவார். அழைத்துப் போக ஆள் வேண்டும் என்பதால் "விழுந்துடக் கூடாதுல்ல" என்று டயப்பர் கட்டினார்கள். கழிப்பறைக்கு எழுந்து போவதே ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கிடைக்கும் நடைப்பயிற்சி, அது முதல் நாளே நின்றுபோனது. பில்லில் தினம் 6 டயப்பர், 26 நாளுக்கு 156. ஓர் இரவு 9 மணிக்குக் கட்டிய டயப்பரின் டேப் ஓரத்தில் பேனாவால் சின்னதாக 9 என்று எழுதிவைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை 7 மணிக்குப் போனால் அதே 9. ஊறிப்போய்க் கனத்துக் கிடந்தது. பத்து மணி நேரம் ஈரத்தில் இருந்த தோல் சிவந்து, தொட்டாலே கத்தினார். இரவில் 22 பேருக்கு 2 பேர் என்று அங்கே வேலை செய்த பெண்ணே சொன்னார். அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டே பேர் 22 பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்து, துணியும் மாற்றி, கூப்பிட்ட குரலுக்கும் ஓட முடியாது.

எடையும் பொய். வாரா வாரம் 48 கிலோ, 48 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே இருந்தது ஏறி நின்று பார்க்கும் சாதாரண மெஷின். பிடிக்காமல் நிற்க முடியாதவரை அதில் எப்படி நிறுத்தினார்கள்? உட்கார்ந்து எடை பார்க்கும் நாற்காலி மெஷின் அங்கே இல்லவே இல்லை. வெளியே வந்து பார்த்தால் 45. ஒரு மாதத்துக்குள் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே உடனே காரணம் தேட வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், அரை மணி கழித்து எடுப்பார்கள். எவ்வளவு உள்ளே போனது என்று பார்க்க ஆள் கிடையாது.

இனி குதிகால். ஏர் பெட் இருந்தது. மோட்டார் சத்தம் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொந்தரவு என்று இரவில் அணைத்துவிடுவார்களாம். பகலில் ஓடினாலும், படுப்பவரின் எடைக்கு ஏற்பக் காற்றழுத்தத்தை வைக்கும் திருகு கடைசி அளவில் நின்றது. 48 கிலோ உடம்புக்கு அந்த அளவு வைத்தால் மெத்தை பலகை போல விறைத்துக்கொள்ளும். காற்று அறைகள் மாறி மாறி ஏறி இறங்கினால்தான் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. இன்னொன்று, ஏர் பெட் இருந்தாலும் குதிகால் பிழைக்காது. அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதை கொஞ்சம்தான். ஆபரேஷன் செய்த காலை வலிக்குப் பயந்து யாருமே அசைக்க மாட்டார்கள், குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டே இருக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை கொடுத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் மிதக்கவிட வேண்டும். ஒரு தலையணை, அவ்வளவுதான் செலவு. செய்யவில்லை. "குளிருக்கு" என்று காலுறை மாட்டி வைத்திருந்தார்கள். அதைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளங்கைக் குழி அளவுக்குக் கறுப்பு. கறுத்துக் காய்ந்து மூடியிருப்பதால் எவ்வளவு ஆழம் என்று டாக்டராலும் இப்போது சொல்ல முடியவில்லை. குதிகாலில் காய்ந்து உறுதியாக ஒட்டியிருக்கும் கறுப்புப் பொருக்கை யாரும் அவசரப்பட்டு உரித்துவிடாதீர்கள், கீழே இருக்கும் புண்ணுக்கு இப்போதைக்கு அதுதான் மூடி.

கடைசி வாரத்தில் பகலிலும் தூங்கிக்கொண்டே இருந்தார். கேட்டால் "ராத்திரி கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் ஒரு மாத்திரை" என்றார்கள். வீட்டாரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்கெனவே தள்ளாடும் ஒருவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் விழுவார், தண்ணீர் குடிக்க மாட்டார், படுக்கையில் புரளவும் மாட்டார். அன்றே அழைத்து வந்துவிட்டோம். சேரும்போது ஒருவர் பிடித்தால் எழுந்தவரை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பணம் கேட்டு அலைந்த கதை. முதல் நாள் மேனேஜர், "வயசானவங்களுக்கு இதெல்லாம் சகஜம் சார்" என்றார். இரண்டாம் நாள், "அந்தப் புண்ணு வரும்போதே இருந்துச்சு" என்றார். சேர்த்த அன்று குதிகாலைப் படம் எடுத்து வைக்காததால் அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. மூன்றாம் நாள், கணக்குப் பிரிவைக் கேளுங்கள். கணக்குப் பிரிவு, நிர்வாகியைக் கேளுங்கள். நிர்வாகி வெளியூர். அடுத்த வாரம் அவர் வந்ததும் படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். பேக்கேஜ் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. "நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். சரி, டெபாசிட்? அதில் டயப்பர், கையுறை, ஏர் பெட் தேய்மானம் எல்லாம் கழித்தாகிவிட்டதாம், மிச்சம் இல்லையாம். 9-ஆம் நாள் ரெக்கார்டைக் கேட்டால், "ஸ்டாஃப் தப்பா எழுதிட்டாங்க". நேற்று மாலை வந்த கடைசிச் செய்தி, மறுபடியும் சேர்த்தால் கட்டணத்தில் 10 சதவீதம் குறைப்பார்களாம். நாலு மாதப் பணத்தை விழுங்கிவிட்டு, காலைப் புண்ணாக்கிவிட்டு, அதே கட்டிலுக்குக் கூப்பிடுகிறார்கள். அதற்கு நான் எழுதிய பதிலைப் படித்துவிட்டார்கள், நீல டிக் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். நேரமில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். இடையில் விலகினால் இருந்த நாளுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்க்கும் அன்றே இரண்டு குதிகால், வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம் எல்லாவற்றையும் அவர்கள் நர்ஸை வைத்துக்கொண்டே படம் எடுங்கள். எடையையும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள், எந்த மெஷினில் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல், இல்லையென்றால் விடுமுறை நாளில் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும் படுத்திருப்பவர் கைக்கு எட்டுகிறதா? நாக்கு காய்ந்திருக்கிறதா? யூரின் பேக் தரையில் உரசிக்கொண்டு கிடக்கிறதா? பகல் பதினோரு மணிக்கு எல்லோரும் தூக்கத்தில் இருக்கிறார்களா? அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இன்று எத்தனை முறை எழுந்து நடந்தீர்கள் என்று கேளுங்கள்.

சேர்த்த பிறகு தினமும் காலுறையைக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது, அன்றே சத்தம் போடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வைக்காதீர்கள், இரண்டும் கெடுதல்.

டயப்பர் டேப்பில் நேரம் எழுதி வையுங்கள்.

இன்னும் இருக்கிறது. டிரெஸ்ஸிங் மாற்றும் நேரம் ஆகிவிட்டது, அம்மா கூப்பிடுகிறார்.